முப்பத்தொரு வயது இரத்தம்

எங்கள் நிலையத்தில் யாரும் யாருடைய கண்ணையும் பார்க்க மாட்டார்கள். இதைச் சொன்னால் தெரிந்தவர்கள் என்னைத்தான் விசரன் என்கிறார்கள். கண்ணுக்கான இடம் என்கிறாய், பிறகு கண்ணைப் பார்ப்பதில்லை என்கிறாய், எங்கள் காதில் பூச் சுற்றுகிறாயா என்று கேட்கிறார்கள். நான் என்ன செய்ய? சட்டம் அப்படி. அதைத் தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டியவனும் நான்தான்.

முழுப் பெயர் விழி முதுமை முன்னறிவிப்பு நிலையம். வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கையில் ஆறு மாடிக் கட்டடம். நான் சிவானந்தன், அங்கே தமிழ் மொழிபெயர்ப்பாளர். பணிப்பாளர் ஆங்கிலத்தில் எழுதும் அபத்தத்தைப் பிழையில்லாத தமிழில் தருவது என் வேலை. ஒன்றரை வருடமாகத் தந்துகொண்டிருக்கிறேன். ஒரு பிழைகூட இல்லை என்று போன வருடம் ஒரு பாராட்டுக் கடிதமும் கிடைத்தது.

நிலையத்தின் தத்துவம் சுருக்கமானது. மனிதனுக்கு இரண்டு வயது. ஒன்று அடையாள அட்டையில் இருப்பது, மற்றது இரத்தத்தில் இருப்பது. இரத்தத்தில் உள்ள சில அடையாளங்களை அளந்தால் உடம்பு உள்ளுக்குள் எவ்வளவு கிழண்டுவிட்டது என்று தெரியும். உடம்பு கிழண்டால் கண்ணும் கிழளும். ஆகவே ஒருவனுக்குக் கண்ணோய் வருமா என்று அவன் முகத்தைக்கூடப் பாராமல் சொல்லிவிடலாம்.

இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது என்று எங்கள் விழித்திரை வைத்தியர் டொக்டர் தாரிகா சொல்வார். “ஆயிரம் பேரை எடுத்தா, ரத்தம் வயசு போன ஆக்களுக்குக் கொஞ்சம் கூடுதலா வரலாம், சிவா அண்ணா. அது ஆராய்ச்சி, நல்ல விசயம். ஆனா முன்னால இருக்கிற ஆளின்ர கண்ணை லைட் அடிச்சுப் பாக்க ரெண்டு நிமிஷம் போதும். அதை விட்டிட்டு ரத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறது என்ன நியாயம்?” இதை அவர் வெளிப்பக்கப் படிக்கட்டில் நின்றுதான் சொல்வார். ஏனென்றால் கட்டடத்துக்குள் கண்ணைப் பற்றிக் கதைப்பதும் தடை. கதைத்தால் தரவு கெட்டுவிடுமாம்.

திறப்பு விழாவில் பணிப்பாளர் ஆற்றிய உரையை நான் மொழிபெயர்த்தபடியே தருகிறேன். “நோய் வந்தபின் அதைக் காண்பது எவராலும் முடியும். நோயாளியாலேயே முடியும். நோய் இல்லாத இடத்தில் நோயைக் காண்பதே விஞ்ஞானம். ஆகவே ஏற்கெனவே நோய் வந்துவிட்டவர்கள் பெருமனதுடன் எமக்கு வழிவிட வேண்டும்.” எல்லோரும் கை தட்டினார்கள். வழிவிட வேண்டியவர்களுக்கு அழைப்பிதழ் அனுப்பப்படவில்லை.

நடைமுறையும் சொல்லிவிடுகிறேன். இரத்தத்தின் வயது ஐம்பத்தைந்துக்கு மேல் என்றால் ஐந்தாம் மாடிச் சத்திரசிகிச்சைக் கூடத்தின் கதவு உங்களுக்குத் திறக்கும். கதவு கணினியோடு இணைக்கப்பட்டது, மனிதன் சொன்னால் கேட்காது. ஐம்பத்தைந்துக்குக் கீழே என்றால் உங்களுக்கு ஒரு வாழ்த்துக் கடிதம் கிடைக்கும். டோர்ச் லைட்டுகள் எல்லாம் அலுமாரியில் பூட்டப்பட்டிருந்தன. முதல் மாதத்தில் கதவு திறந்தவர்களில் ஒருவர் ஓய்வுபெற்ற வங்கி முகாமையாளர். பொழுதுபோக்குக்குப் பறவை பார்க்கிறவர், கம்பியில் இருக்கும் சிட்டுக்குருவியின் காலை எண்ணக்கூடியவர். ஆனால் அவருடைய இரத்தத்துக்கு எழுபது வயது. நல்ல கண்ணுக்கு லேசர் போட்டு அனுப்பினோம். இப்போது குருவியே தெரியவில்லை என்று மூன்று கடிதம் எழுதியிருக்கிறார். தமிழில் எழுதியதால் அவை என்னிடம் இருக்கின்றன.

சூசைதாசன் வந்தது, கிறிஸ்தவர்களின் தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதனுக்கு முந்திய வாரம். கொழும்பு பதின்மூன்று கொட்டாஞ்சேனைக்காரர், வயது ஐம்பத்தெட்டு, துறைமுகத்தில் கொள்கலன்களின் இலக்கத்தைப் பார்த்து எழுதும் கிளார்க். இடது கண் இல்லை. இருபது வருடத்துக்கு முன் கப்பல் கயிறொன்று அறுந்து வந்து அடித்ததில் போனது. மிச்சம் இருந்தது வலது கண். அதைக் கொண்டுதான் வேலை, அதைக் கொண்டுதான் வீடு, அதைக் கொண்டுதான் மகள் டெனிஷாவை வளர்த்து ஆளாக்கியிருந்தார். மகள் புறக்கோட்டையில் ஒரு போன் கடையில் நிற்கிறாள். அன்று லீவு போட்டுக் கூட வந்திருந்தாள்.

“என்ன பிரச்சினை எண்டு சொல்லுங்கோ அண்ணை,” என்றேன், விண்ணப்பத்தை நிரப்ப.

“மேலயிருந்து ஒரு கறுப்புத் திரை எறங்குது ஐயா,” என்றார். “ஹாபர்ல கண்டேனர் அஞ்சு அடுக்கா வச்சிருப்பாங்க. நின்ன எடத்துலயிருந்து நேராப் பாத்தா அஞ்சும் தெரியணும். இப்ப மேல் அடுக்கு தெரியல்ல. போன கெழம தெரிஞ்சிச்சு. பக்கத்துல உள்ளவங்கட்ட கேட்டன், அவங்களுக்குத் தெரியுதாம்.”

நான் வாயில் விரலை வைத்து உஷ் என்றேன். சுவரில் ‘இங்கு கண்ணைப் பற்றிக் கதைத்தல் தடை’ என்ற அறிவித்தல் இருந்தது. அவர் எழும்பிப் போய், தலையை நிமிர்த்தி, கீழ்க்கண் வழியாக அதை வாசித்தார். பிறகு மன்னிப்புக் கேட்டார். ஐயோ, அந்த மனிதர் மன்னிப்புக் கேட்டார்.

“நாங்க அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனம் சேர்,” என்றாள் டெனிஷா. “விழித்திரை கழருது, அவசரம், ஒப்பரேஷன் செய்யணும், ஆனா மெஷின் எல்லாம் புதுத் திட்டத்துல உங்கட்டத்தான் இருக்குன்னு இங்க அனுப்பிட்டாங்க.” தனியார் ஆஸ்பத்திரியில் கேட்ட தொகையையும் சொன்னாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்தக் கதை அத்தோடு முடிந்தது.

இரத்தம் எடுப்பவள் ஷிம்னா, மாளிகாவத்தைப் பிள்ளை. நரம்பு தேடாமல் ஒரே குத்தில் எடுப்பாள். நான்காம் நாள் முடிவு வந்தது. சூசைதாசனின் இரத்தத்துக்கு வயது நாற்பத்தொன்று. கடிதத்தை நான்தான் தமிழாக்கினேன். ‘வாழ்த்துகள். உங்களுக்குக் கண்ணோய் வரும் வாய்ப்பு மிகக் குறைவு. அடுத்த பரிசோதனைக்கு ஆறு வருடத்தில் வரவும்.’

அவர் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். “வரும் வாய்ப்பு கொறவுன்னு போட்டிருக்கு. வந்திருச்சே ஐயா?” என்றார்.

அவரைக் கையோடு பணிப்பாளரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் நல்ல மனிதர் போலவே இருப்பார். நாற்காலி தந்தார், தேத்தண்ணி வரவழைத்தார். முழுவதையும் கேட்டுவிட்டுச் சொன்னார், நான் வரிக்கு வரி தமிழில் சொன்னேன்.

“திரை இறங்குகிறது என்பது உங்களுடைய அபிப்பிராயம். நாற்பத்தொன்று என்பது உங்களுடைய இரத்தத்தின் வாக்குமூலம். நான் யாரை நம்ப? நீங்கள் பொய் சொல்லலாம், இரத்தம் சொல்லாது. நீங்கள் நோயாளி என்று நானே ஏற்றுக்கொண்டால், நாளைக்கு நாடு முழுவதும் தனக்கு வருத்தம் என்று தானே சொல்லிக்கொண்டு புறப்படும்.”

“அப்ப ஒருக்கா பாருங்களேன் சேர். கண்ண.”

“பார்த்தால் அது முன்னறிவிப்பு ஆகாது,” என்றார் பணிப்பாளர், வருத்தத்தோடு. முப்பது நாள் கழித்து மறுபரிசோதனைக்கு வரலாம், ஐம்பத்தைந்தைத் தாண்டினால் அன்றைக்கே கத்தி வைக்கலாம் என்று ஆறுதல் சொன்னார். போகும்போது தோளில் தட்டிக்கொடுத்தார்.

லிஃப்டுக்குப் பக்கத்தில் வைத்து நான் சூசைதாசனின் கையைப் பிடித்தேன். அரசாங்க உத்தியோகத்தன் சொல்லக்கூடாததைச் சொன்னேன்.

“அண்ணை, முப்பது நாள் இருக்கு. ஏலுமான அளவுக்கு உடம்பைக் கெடுங்கோ. சிகரெட் பிடியுங்கோ. சாராயம் குடியுங்கோ. கொத்து ரொட்டி, ரோல்ஸ், எண்ணெயில பொரிச்சது எல்லாம் மூண்டு நேரமும் தின்னுங்கோ. நித்திரை கொள்ளாதேங்கோ. ரத்தம் கிழளவேணும், விளங்குதோ?”

எங்கள் காத்திருப்பு மண்டபத்தில் இது எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம். தெகிவளையிலிருந்து வந்த ஒரு பெண்மணி மறுபரிசோதனைக்கு முன் இரண்டு கிழமை பஸ் நிலையத்தில் புகை குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்து நான்கு வயது கூட்டினார். ஒரு பொலிஸ்காரர் மனைவியோடு வேண்டுமென்றே சண்டை பிடித்து மூன்று வயது கூட்டினார். பிறகு மனைவி உண்மையாகவே போய்விட்டார், அதில் இன்னும் ஆறு வயது கூடியது. அவருக்குச் சத்திரசிகிச்சை நல்லபடி நடந்தது.

சூசைதாசன் தலையாட்டிவிட்டுப் போனார். நானும் நம்பினேன். நம்பினேனே, மடையன்.

முப்பது நாளும் அவர் நான் சொன்னதில் ஒன்றும் செய்யவில்லை. மகள் நேர்ந்திருந்தாள். அப்பாவின் கண் நல்லாக வேண்டும் என்று, அந்தத் தவக்காலம் முழுவதும் இரண்டு பேரும் ஒருசந்தி இருப்பதாக மாதாவிடம் சொல்லிவிட்டாள். ஒருசந்தி என்றால் நாளுக்கு ஒரு வேளைதான் சாப்பாடு. மச்சம் மாமிசம் இல்லை, சாராயம் இல்லை, சிகரெட் இல்லை. வெள்ளிக்கிழமை தோறும் சிலுவைப் பாதை. கோயிலுக்குப் போகவர நடைதான்.

மறுபரிசோதனை நாளில் மெலிந்து, முகம் தெளிந்து, இருபத்தைந்து நாள் கஞ்சி குடித்த மனிதராக அவர் வந்து நின்றார்.

“என்ன வேலை பாத்தனீங்கள் அண்ணை! நான் சொன்னது என்ன?”

“நேர்த்தி ஐயா,” என்றார் பயந்துபோய். “கண்ணுக்காகத்தானே வச்சது. அத ஒடச்சிட்டு, நாளைக்கி கண் போனா, நான்தானே கெடுத்தன்னு ஆகும்? புள்ள மொகத்துல எப்படி முழிக்கிறது?”

“எத்தினை அடுக்கு தெரியுது?” என்று காதுக்குள் கேட்டேன்.

“கீழ் ரெண்டு. மூணாவது பாதி.”

முடிவு வந்தது. முப்பத்தொன்று. முப்பது நாளில் பத்து வயது குறைந்திருந்தார். நிலையத்தின் வரலாற்றில் இவ்வளவு இளமையான முதியவர் எவரும் இருந்ததில்லை. பணிப்பாளர் தன் அறையிலிருந்து இறங்கி வந்து அவருடைய கையைக் குலுக்கினார். சூசைதாசன் கை வந்த பக்கத்தைத் தேடிப் பிடித்தார். படம் எடுத்தார்கள். ‘கொழும்பு பதின்மூன்றின் இளைஞர்’ என்று தலைப்புப் போட்டு, கீழே மரக்கறி சாப்பிடும்படி மக்களுக்கு ஓர் அறிவுரையும் சேர்த்து, வரவேற்பு மண்டபத்தில் மாட்டினார்கள்.

இதற்கு மேல் டொக்டர் தாரிகாவால் பொறுக்க முடியவில்லை. தன் போனின் வெளிச்சத்தையும் கைப்பையில் ஒளித்துவைத்திருந்த ஒரு கண்ணாடி வில்லையையும் எடுத்துக்கொண்டு, படிக்கட்டில் சூசைதாசனை உட்காரவைத்து, கண்ணைப் பார்த்தார். உண்மையாகவே பார்த்தார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

“விழித்திரையின்ர நடு இன்னும் கழரேல்லை அண்ணா,” என்றார் என்னிடம். “இப்ப செய்தாக் காப்பாத்தலாம். மூண்டு கிழமை. அதுக்கு மேல என்னாலயும் ஏலாது, ஒருத்தராலயும் ஏலாது.”

படிக்கட்டில் கமரா இருந்தது. மறுநாள் அவருக்கு விளக்கம் கோரும் கடிதம் போனது. ‘ஒரு பிரஜையின் கண்ணை முன்னனுமதியின்றிப் பார்த்தமை’ என்பது குற்றச்சாட்டு. மூன்றாம் நாள் அவரைப் புள்ளிவிபரப் பிரிவுக்கு மாற்றினார்கள். ஏழு வருடம் விழித்திரை தைக்கப் படித்த கை, வரைபடங்களுக்கு நிறம் தெரிவு செய்துகொண்டிருந்தது.

இனி என் பாவத்தைச் சொல்லவேண்டும். ஊழியர் எல்லோருக்கும் ஒருமுறை இலவசப் பரிசோதனை செய்தார்கள். எனக்கு அடையாள அட்டையில் நாற்பத்தாறு. இரத்தத்தில் அறுபத்து மூன்று. லொட்ஜ் சாப்பாடு, சிகரெட், தனியன் வாழ்க்கை, இந்த நிலையம், எல்லாம் சேர்ந்து செய்த வேலை. என் கண்ணோ ஊசித்துளையில் நூல் கோக்கும். அந்த முடிவைக் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டு மறந்திருந்தேன். இப்போது நினைவு வந்தது.

சூசைதாசனுக்காக மேன்முறையீடு எழுதினேன். கடைசிப் பரிசோதனை என்று ஒரு திகதி கிடைத்தது. அதற்கு முதல் நாளே ஷிம்னாவிடம் போனேன்.

“நாளைக்கு அவரிட்ட ரத்தம் எடும். எடுத்திட்டு ஊத்திவிடும். குழாயில என்ர ரத்தத்தை வச்சு அவற்ற பேரை ஒட்டும்.”

அவள் கையிலிருந்த ஊசியைக் கீழே வைத்தாள். “அல்லாஹ்வே, என்ன சேர் பேசுறீங்க? தெரிஞ்சா என்ட வேல போகும். உங்கட வேலயும் போகும்.”

“அவற்ற கண் போகும், ஷிம்னா.”

பஞ்சைக் கிள்ளிக்கொண்டு நின்றாள். “எங்கட வாப்பாவும் கண் வெளங்காமத்தான் மௌத்தாகினார்,” என்றாள் பிறகு. “கடைசி வருஷம் என்ட புள்ளட மொகம் எப்படி இருக்கும்ன்னு கேட்டுக்கிட்டே இருந்தார். சேர், சட்டக் கைய மடிங்க.”

உயிர்த்த ஞாயிறு முடிந்து வியாழக்கிழமை முடிவு வந்தது. சூசைதாசன், அறுபத்து மூன்று. கணினி தானாகவே திகதி கொடுத்தது, அடுத்த செவ்வாய் காலை எட்டு மணி. டெனிஷாவுக்கு நானே போன் எடுத்துச் சொன்னேன். அந்தப் பிள்ளை போனிலேயே அழுதாள். “மாதா கைவிடல்ல சேர், நான் அப்பாக்கிட்ட சொன்னன்தானே,” என்றாள். மாதாவுக்கும் எனக்கும் இடையே உள்ள ஒப்பந்தத்தை நான் சொல்லவில்லை. அந்த வெள்ளி, சனி, ஞாயிறு நான் சந்தோசமாக இருந்தேன். பதினான்கு மாதத்தில் முதல் தடவையாக என் வேலையால் ஒருவனுக்கு நன்மை என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை பணிப்பாளர் அவசரக் கூட்டம் கூட்டினார். அவருடைய கண்கள் பளபளத்தன. வெள்ளைப் பலகையில் முப்பத்தொன்று என்று எழுதி, அம்புக்குறி போட்டு, அறுபத்து மூன்று என்று எழுதினார்.

“பதினாறு நாளில் முப்பத்திரண்டு வருடம்!” என்றார். “உலகத்தில் எந்த ஆய்வுகூடமும் கண்டிராத வேகம். இந்த மனிதருக்குக் கண்ணோய் வரும் என்று எமது நிலையம் இன்று முன்னறிவிக்கிறது. அது வருகிறதா என்று உலகம் எம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. இப்போது சத்திரசிகிச்சை செய்துவிட்டால் நோய் வராமல் போய்விடலாம். நோய் வராவிட்டால் எமது முன்னறிவிப்பு பொய்த்துவிடும். ஒரு தனி மனிதனின் வசதிக்காக நாம் விஞ்ஞானத்தைப் பலிகொடுக்க முடியாது.”

ஆறு மாத அவதானிப்பு என்று தீர்மானித்தார்கள். அதுவரை அந்தக் கண்ணை யாரும் தொடக்கூடாது. செவ்வாய்க்கிழமைத் திகதி கணினியிலிருந்து நீக்கப்பட்டது. தீர்மானத்தைத் தமிழாக்கும்படி என் மேசைக்கு அனுப்பினார்கள்.

பணிப்பாளரின் கதவுவரை போனேன். அது என்னுடைய இரத்தம் என்று சொல்லத்தான் போனேன். கைப்பிடியில் கையை வைத்துக்கொண்டு நின்றபடி கணக்குப் பார்த்தேன். சொன்னால் ஷிம்னாவை அன்றைக்கே வெளியே போடுவார்கள். என்னையும் போடுவார்கள். சூசைதாசன் மறுபடி முப்பத்தொரு வயதுக்குப் போவார். முப்பத்தொன்று என்றால் நோயே இல்லை, வீட்டுக்குப் போ. அறுபத்து மூன்று என்றால் நோய் வரும்வரை பொறுத்திரு. இரண்டிலும் கதவு திறக்காது. திரும்பி வந்து தமிழாக்கினேன்.

டெனிஷா தனக்குத் தெரிந்த எல்லா இடமும் ஓடினாள். ஒரு அமைச்சுக்கு, ஒரு பத்திரிகைக்கு, இரண்டு ஆஸ்பத்திரிக்கு. எங்கே போனாலும் அப்பாவின் அடையாள அட்டை இலக்கத்தைக் கணினியில் அடித்தார்கள். ‘அவதானிப்பில் உள்ளவர், தொடவேண்டாம்’ என்று வந்தது. கணினி சொன்ன பிறகு யாருக்குத் தைரியம் வரும்? தாரிகா தன் பழைய பேராசிரியருக்குப் போன் எடுத்துக் கெஞ்சினார். அவர் தன்னுடைய ஓய்வூதியத்துக்கு இன்னும் எட்டு மாதம் இருப்பதாகச் சொன்னார்.

முதல் கிழமை ஓர் அடுக்கு தெரிந்தது. இரண்டாம் கிழமை கொள்கலனின் அடிப்பாகமும் நிலமும் தெரிந்தன. மே மாதம் பத்தாம் திகதி வேலைக்குப் போன இடத்தில், இன்றைக்கு ஏன் விளக்குப் போடவில்லை என்று கேட்டிருக்கிறார். காலை பத்தரை மணி. கூட வேலை செய்தவர்கள் த்ரீவீலரில் ஏற்றி வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள்.

அன்று பின்னேரம் நிலையத்தில் கேக் வெட்டினார்கள்.

ஓகஸ்டில் மாநாடு. கடற்கரைப் பக்க ஹோட்டல் மண்டபம், ஏசி, வெளிநாட்டுக் கொடையாளர்கள், ஆளுக்கு ஒரு பை, பைக்குள் ஒரு பேனை. சூசைதாசனை மேடையில் உட்காரவைத்திருந்தார்கள். வெள்ளைச் சேட், புதிதாக வாங்கிக் கொடுத்த கறுப்புக் கண்ணாடி. மொழிபெயர்க்க நான் பக்கத்தில்.

பணிப்பாளர் பேசினார். “எமது துல்லியம் நூற்றுக்கு நூறு. ஒருவருக்கு வரும் என்றோம், அந்த ஒருவருக்கு வந்தது. ஏற்கெனவே நோயோடு வந்தவர்களை நாம் கணக்கில் எடுக்கவில்லை, அது நேர்மையாகாது. நண்பர்களே, இந்த மனிதர் பார்வையை இழந்தார் என்று சிலர் குறுகிய மனத்தோடு கதைக்கிறார்கள். இல்லை. அவர் தன் பார்வையைத் தரவாக மாற்றி மனித குலத்துக்குத் தந்திருக்கிறார். பார்வை அவரோடு முடிந்திருக்கும். தரவு முடியாது.”

பிறகு சூசைதாசன் பக்கம் குனிந்து, ஒலிவாங்கியை நீட்டி, “இப்போது உங்களுக்கு என்ன தெரிகிறது?” என்று கேட்டார். நான் தமிழில் கேட்டேன்.

“ஒண்ணுமில்ல ஐயா,” என்றார் சூசைதாசன்.

நான் அதை ஆங்கிலத்தில் சொன்னேன். மண்டபம் முழுவதும் எழுந்து நின்று கைதட்டியது. கடைசி வரிசையில் தாரிகா மட்டும் எழும்பவில்லை. வரைபடங்கள் அழகாக இருந்தன என்று அவரிடம் யாரோ சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அதற்கடுத்த ஞாயிறு கொட்டாஞ்சேனைக்குப் போனேன். துறைமுக மதிலுக்குப் பக்கத்து ஒழுங்கையில், ஏணி மாதிரிச் செங்குத்தான படிகளுக்கு மேலே இரண்டு அறை வீடு. டெனிஷா பூசைக்குப் போயிருந்தாள். அவர் தனியே கதிரையில் இருந்தார். என் குரலைக் கேட்டதும் எழும்பப் பார்த்தார். இருக்கச் சொன்னேன்.

“புள்ள இப்ப கோயிலுக்குப் போனா ஒண்ணும் கேக்கிறதில்லயாம்,” என்றார். “சும்மா ஒக்காந்துட்டு வாறாளாம். மாதாவுக்கு நாம ஏதோ கொறவா செஞ்சிட்டம்ன்னு நெனக்கிறா. ஒரு வெள்ளிக்கெழம நான் மறந்து மீன் கொழம்புல பாண தொட்டுத் தின்னுட்டன். அதான் கண் போச்சுன்னு அவளுக்கு ஒரு எண்ணம்.”

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். ஒருசந்தி இருந்ததால் இரத்தம் இளமையானது, அது அவர்களுடைய குற்றமல்ல, இரத்தத்தைப் பார்த்தவர்களின் குற்றம் என்றேன். மீன் குழம்பில் ஒன்றுமில்லை என்றேன். பிறகு குழாயில் இருந்தது யாருடைய இரத்தம் என்று சொன்னேன். நான் கை வைக்காமல் இருந்திருந்தால் ஒருவேளை வேறு வழி ஏதும் பிறந்திருக்கும், நான் கை வைத்ததால்தான் உங்களைப் பூட்டிவைத்தார்கள் என்றேன். சொல்லும்போது அழுதேன். நாற்பத்தாறு வயது ஆண்பிள்ளை, அவருக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு சத்தம் போடாமல் அழுதேன்.

அவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார். அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன், அடித்தால் நல்லது என்றும் நினைத்தேன்.

“அப்ப அந்த அறுபத்து மூணு என்ட இல்ல,” என்றார்.

“இல்லை அண்ணை. என்ர.”

“அந்த ரத்தத்துக்குத்தான் கண் போகும்ன்னு அவங்க சொன்னது.”

“ஓம்.”

காற்றில் கையை நீட்டி என் முழங்கையைத் தேடிப் பிடித்தார். அந்தப் பிடி இறுகியது.

“அப்ப வரப்போறது உங்களுக்குத்தானே தம்பி,” என்றார். குரலில் பதற்றம் இருந்தது. “இத வச்சிக்கிட்டு சும்மா இருக்கிறீங்களா? அந்த எடத்துக்குப் போகாதீங்க. நாளைக்கே வேற எங்கயாவது, நல்ல டொக்டர் ஒருத்தருக்கிட்ட காட்டுங்க. லைட் அடிச்சுப் பாக்கச் சொல்லுங்க. என்னய மாதிரி விட்டுராதீங்க.”

என் கண்ணில் ஒரு குறையும் இல்லை.

“காட்டுறன் அண்ணை,” என்றேன்.